ஒரு மணிதான்

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஓர் உரக்கடையின் மாடியில், சிவரஞ்சனி பிரௌசிங் சென்டர் நடத்திவந்தாள். ஆறு கம்ப்யூட்டர்கள். எந்நேரமும் அதில் ஒன்று படுத்துக்கிடக்கும். பரீட்சை ரிசல்ட் வருகிற நாளில் மாடிப்படி தாங்காத கூட்டம். மற்ற நாட்களில் பயோடேட்டா அடிக்க வருகிறவர்கள், ஜாதகம் எடுக்க வருகிறவர்கள், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையிடமிருந்து மெயில் வந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வரும் அம்மாக்கள். இந்தக் கடைசி வகையில் அவளைப் பெற்ற அம்மாவும் ஒருத்தி.

கலியம்மாள் மாதம் இரண்டு தடவை செந்துறை ரோட்டில் இருக்கும் ஊரிலிருந்து பஸ் ஏறி, அரியலூரில் மாறி, பெரம்பலூரில் இறங்கி, அந்த மாடிப்படியை மூச்சு வாங்க ஏறுவாள். "கலை ஏதாச்சும் எழுதியிருக்கானா பாரு" என்பாள். சிவரஞ்சனி மெயிலைத் திறந்து படித்துக் காட்டுவாள். எப்போதும் அதே மூன்று வரி. நலமாக இருக்கிறேன். படிப்பு நன்றாகப் போகிறது. அப்பாவை மாத்திரை போடச் சொல்லவும்.

"நாலாவது வரி எழுதுனா கை ஒடிஞ்சா போயிடும்?" என்று கலியம்மாள் கம்ப்யூட்டரைப் பார்த்து முறைப்பாள். "எவளோ வெள்ளக்காரி மயக்கிட்டா. நீ கேட்டுச் சொல்லுடி."

கலையரசன் சிவரஞ்சனியின் தம்பி. ஆறு வயது இளையவன். 2005 ஆகஸ்டில் மேல்படிப்புக்கு அமெரிக்கா போனான். போன புதிதில் அவன் எழுதிய மெயில்களைப் பிரிண்ட் போட்டால் கல்யாண ஆல்பம் கனம் வரும். துணி துவைக்கிற மெஷினில் சிவப்பு ஜட்டியைப் போட்டு எல்லாச் சட்டையும் ரோஸ் கலர் ஆனது, புளி கிடைக்காமல் தக்காளியில் ரசம் வைத்து அறை நண்பன் அழுதது, எல்லாம் விலாவாரியாக வரும். பிறகு அந்த வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால், அவன் படித்த காலேஜில் ஒரு மாணவன் துப்பாக்கியோடு ஒரு கட்டிடத்துக்குள் நுழைந்தான். பதினோரு நிமிஷத்தில் ஆறு பேரைக் கொன்றான். கலை அந்தக் கட்டிடத்துக்குள்தான் இருந்தான்.

அவனே ஃபோன் செய்தான். "எனக்கு ஒண்ணும் ஆவலக்கா. ஒரு கீறல் கூட இல்ல. அம்மாவைப் பயப்பட வேணாம்னு சொல்லு." அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். ஊரே வந்து விசாரித்தது. பிள்ளை பிழைத்தான் என்று எல்லாரும் நிம்மதியானார்கள். அதற்கப்புறம்தான் மூன்று வரி வர ஆரம்பித்தது. கோடை லீவுக்கும் அவன் வரவில்லை. ஃபோனில் கூப்பிட்டால் "எல்லாம் ஓகேக்கா" என்பான். ஊரில் இருந்த காலத்தில் வாய் ஓயாமல் பேசிய பையன் அவன். பிழைத்து வந்தவன் வேறு யாரோ என்று சிவரஞ்சனிக்குத் தோன்றும். அந்த நினைப்பு வந்தால் சோறு இறங்காது.

2006 ஆடி மாதம், அவளோடு பிளஸ் டூ படித்த ஜெயசித்ரா சென்டருக்கு வந்தாள். துறையூர் ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். மாணவர்களுக்குப் பாதுகாப்பு பற்றி நோட்டீஸ் ஒட்டவேண்டும் என்று பள்ளியில் சொல்லி, அந்த வேலையை இவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

"எனக்கு என்னடி தெரியும் பாதுகாப்பு? ரோட்டைப் பார்த்துத் தாண்டுன்னு எழுதுவேன். உன் தம்பி அவ்ளோ பெரிய விஷயத்துல மாட்டிப் பொழைச்சவன். அதுலேர்ந்து நம்ம புள்ளைங்களுக்கு ஆவுற மாதிரி நாலு பாடம் எழுதிக் குடேன்."

அந்தக் காலேஜ் ஒரு விசாரணைக் கமிட்டி போட்டு, அந்தப் பதினோரு நிமிஷத்தை அறை அறையாக, நிமிஷம் நிமிஷமாக ஆராய்ந்து, எண்பத்து நான்கு பக்க அறிக்கையாக நெட்டில் போட்டிருந்தது. சிவரஞ்சனிக்கு அது முன்பே தெரியும். திறக்கத் தைரியம் வந்ததில்லை. இப்போது ஜெயசித்ராவின் நோட்டீஸ் ஒரு சாக்காகக் கிடைத்தது. தம்பி சொல்லாததை அறிக்கை சொல்லிவிடாதா என்பதுதான் அவள் ஆசை. மொத்தத்தையும் பிரிண்ட் எடுத்து, பக்கத்தில் ஒரு டிக்ஷனரியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

முதல் பாடம் சுலபமாகக் கிடைத்தது. எந்தக் கட்டிடத்துக்குள் போனாலும் வெளியே வர இன்னொரு வழி எங்கே என்று பார்த்து வை. அந்தக் கட்டிடத்துக்குப் பின்பக்கம் ஒரு படிக்கட்டு இருந்திருக்கிறது. இரண்டு வருஷம் அங்கே படித்தவர்களுக்கே அது தெரியவில்லை. எல்லாரும் வந்த வழியிலேயே ஓடியிருக்கிறார்கள். இதை எழுதிவிட்டுச் சிவரஞ்சனி தன் சென்டரைச் சுற்றிப் பார்த்தாள். ஒரே படி. அதிலும் பாதியை உரமூட்டை அடைத்துக்கொண்டிருந்தது. கையோடு கீழே இறங்கிப் போய் உரக்கடைக்காரரிடம் சண்டை போட்டு மூட்டைகளை நகர்த்த வைத்தாள்.

"இத்தனை வருசமா இல்லாம இன்னைக்கு என்னம்மா திடீர்னு?" என்றார் அவர்.

"அமெரிக்காவுல சுட்டுட்டாங்க" என்றாள். அவர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அடுத்தது, கதவை உள்ளே தாழ் போடு. தாழ் போட்ட அறைகளில் ஒருவருக்கும் எதுவும் ஆகவில்லை. ஜெயசித்ராவைக் கேட்டால், அவள் பள்ளிக்கூடத்து வகுப்புக் கதவுகளில் உள்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது என்றாள். வெளியே மட்டும் சங்கிலி. ராத்திரியில் பெஞ்சு களவு போகாமல் இருக்க அத்தனை ஏற்பாடு செய்தவர்கள், பகலில் உள்ளே இருக்கிற பிள்ளைகளைப் பற்றி நினைக்கவில்லை. ஓடும்போது எதையும் எடுக்கத் திரும்பாதே என்பது மூன்றாவது. அங்கே ஒரு பெண் பைக்காகத் திரும்பியிருக்கிறாள். பெரம்பலூருக்கு அதை எப்படி எழுதுவது என்று யோசித்து, "செருப்பைத் தேடாதே" என்று எழுதினாள்.

ஜெயசித்ரா படித்துவிட்டுச் சிரித்தாள். "உசுரு போனாலும் போவும், நம்ம புள்ளைங்க செருப்பை வுட்டுட்டு வராதுங்கடி. வூட்ல யாரு அடி வாங்கறது?"

சத்தம் கேட்ட பக்கம் வேடிக்கை பார்க்கப் போகாதே என்பதும் ஒரு பாடம். அமெரிக்காவிலும் இரண்டு பேர் என்னவென்று பார்க்கக் கதவைத் திறந்து தலையை நீட்டியிருக்கிறார்கள். சிவரஞ்சனிக்கு அது ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. நம் ஊரில் ஒரு லாரி டயர் வெடித்தால் போதும், ஐந்து நிமிஷத்தில் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். அதில் பத்துப் பேர் இடுப்பில் குழந்தையோடு நிற்பார்கள்.

இப்படி நாற்பது பக்கம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. அடுத்தது சத்தம் பற்றிய பகுதி. துப்பாக்கிச் சத்தத்தைப் பெரும்பாலானவர்கள் வேறு ஏதோ சத்தம் என்று நினைத்து நேரத்தைக் கோட்டைவிட்டார்கள் என்று அறிக்கை சொன்னது. யாரோ மேஜையைத் தள்ளுகிறார்கள், பட்டாசு வெடிக்கிறார்கள், கட்டிட வேலை நடக்கிறது. பிறகு முதல் மாடியில் ஓர் அறை. உள்ளே ஒன்பது பேர். ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது முதல் சத்தம் கேட்டது. சிலர் பதறினார்கள். அப்போது ஒரு மாணவன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அது ஒரு மணிதான்" என்பது போல ஏதோ சொன்னதாகப் பிழைத்தவர்களில் மூன்று பேருக்கு ஞாபகம் இருந்தது. சொன்னவன் யார் என்று மூவரும் சொல்லவில்லை. அவன் என்ன பொருளில் சொன்னான் என்று கமிட்டியால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்தக் காலேஜில் ஒரு மணிக்கு எந்த மணியும் அடிப்பதில்லை. அதற்குப் பிறகு எழுபத்தைந்து வினாடிகள் கதவு திறந்தே கிடந்தது. அந்த அறையில் ஒருவர் இறந்தார்.

சிவரஞ்சனிக்கு டிக்ஷனரி தேவைப்படவில்லை. அந்த வரியை எழுதிய படித்த மனிதர்கள் அத்தனை பேருக்கும் புரியாதது, உரக்கடை மாடியில் உட்கார்ந்திருந்த அவளுக்குப் புரிந்தது. உலகத்தில் அதைப் புரிந்துகொள்ளக்கூடிய இருநூறு குடும்பம் இருந்தால் அதிகம். எல்லாம் செந்துறை ரோட்டில்தான் இருந்தன.

தொண்ணூற்றைந்து தை மாதம் ஊருக்கு மேற்கே மைன்ஸ் வந்தது. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் பெரிய பள்ளம்தான் அது. தினம் மதியம் ஒரு மணிக்குப் பாறைக்கு வெடி வைப்பார்கள். ஐந்து நிமிஷம் முன்னால் சங்கு ஊதும். முந்திரிக் கொல்லையைக் கம்பெனிக்கு விற்றதில் வேலை கிடைத்த அமாவாசை என்கிறவர், சிவப்புக் கொடியோடு ரோட்டு நடுவில் வந்து நிற்பார். செந்துறை பஸ்ஸானாலும் சரி, தாசில்தார் ஜீப்பானாலும் சரி, அந்தக் கொடிக்கு நின்றே ஆகவேண்டும். டிரைவர் பீடி பற்றவைப்பார். ஜனங்கள் இறங்கிப் புளியமரத்தடியில் கால் நீட்டிக்கொள்வார்கள். மற்ற நேரத்தில் போகிற வருகிற எல்லாருக்கும் கும்பிடு போடும் அமாவாசை, அந்த ஐந்து நிமிஷம் மட்டும் சொந்த மாமனார் வந்தாலும் திரும்பிப் பார்க்கமாட்டார்.

முதலில் தரை அதிரும். அப்புறம்தான் சத்தம் வரும். கலியம்மாளின் அலமாரியிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளர் தினமும் விழும். அவளும் தினமும் அதே டம்ளரை எடுத்துத் துடைத்து அதே விளிம்பில்தான் வைப்பாள். கொஞ்சம் உள்ளே தள்ளி வைக்கலாமே என்று யாருக்கும் தோன்றியதில்லை. மூன்றே மாதத்தில் ஊரில் "ஒரு மணி" என்பது நேரத்தின் பெயராக இல்லாமல் போய், சத்தத்தின் பெயர் ஆகிவிட்டது. "ஒரு மணி போட்டாச்சா?" "ஒரு மணிக்கு முன்னாடி உலையை எறக்கிடு." "நேத்து ஒரு மணி கொஞ்சம் லேசாத்தான் இருந்துச்சு." வெளியூர் சம்பந்தி ஒருத்தர், "இந்த ஊர்ல ஒரு மணி பன்னிரண்டே முக்காலுக்கும் வருதே" என்று குழம்பிப் போய்த் திரும்பினார். சிரிப்பதற்கு எத்தனையோ இருந்தது அப்போது. நாளைக்கு நான்கு தடவை வந்த அந்த பஸ், முந்திரிப் பழம் நாறும் சித்திரை மாதம், ரேடியோவில் ஒன்று பத்துக்கு வரும் செய்திக்குள் சாப்பாட்டை முடித்துவிடும் அப்பா, எல்லாம் அந்தச் சத்தத்தைச் சுற்றியே அவள் மனதில் கிடந்தன. மைன்ஸ் அப்புறம் தள்ளிப் போய்விட்டது. அந்தச் சத்தம் நின்றபோது ஊரில் பலருக்கு மதியம் பசியே எடுக்கவில்லை.

கலைக்கு மட்டும் ஆரம்பத்தில் அது எமனாக இருந்தது. ஆறாம் வகுப்பு படித்தான். முதல் வெடி போட்ட அன்று வகுப்பிலேயே டவுசரை நனைத்துவிட்டான். மறுநாளும் நனைத்தான். பையன்கள் "ஈர டவுசர்" என்று பேர் வைத்துவிட்டார்கள். அதோடு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அப்பா அண்ணாதுரை பிரம்பை எடுத்தார். அம்மா வேப்பிலை அடித்துத் தாயத்துக் கட்டினாள். எதற்கும் அவன் மசியவில்லை.

பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்க லீவில் இருந்த சிவரஞ்சனிதான் அவனை வெளியே இழுத்தாள். தன் கைக்கடிகாரத்தை அவன் மணிக்கட்டில் கட்டி, நேராக அமாவாசையின் கொடிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"வாட்ச்சைப் பாருடா. இன்னும் ரெண்டு நிமிசம். அதுக்குப் பேரு என்ன?"

"வெடி."

"வெடி இல்ல. ஒரு மணி. சொல்லு."

"ஒரு மணி."

"பேரு தெரியாத சத்தத்துக்குத்தான்டா பயப்படணும். பேரு வச்சுட்டா அது வூட்டு நாய் மாதிரி. அது பாட்டுக்குக் குரைச்சுட்டுப் போவும். ஒரு மணிதான், உக்காருன்னு உனக்கு நீயே சொல்லிக்க."

தரை அதிர்ந்தது. அவன் அவள் தாவணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஆனால் ஓடவில்லை. எட்டு நாள் அப்படிப் போனார்கள். ஒன்பதாம் நாள் அவன் தனியாகப் பள்ளிக்கூடம் போனான். அந்த வருஷம் ஆனியில் கும்பகோணத்துப் பக்கமிருந்து சம்பூர்ணம் என்று ஒரு டீச்சர் புதிதாக வந்தார். முதல் நாள் வெடிச் சத்தத்துக்கு மேஜைக்கு அடியில் போய்விட்டார். கலை எழுந்து நின்று, "ஒரு மணிதான் டீச்சர், உக்காருங்க" என்றானாம். அவர் வீடு தேடி வந்து சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். ஈர டவுசர் என்ற பேர் அன்றோடு செத்தது. அதற்கப்புறம் யார் எங்கே பதறினாலும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்வது அவன் வழக்கமாகிவிட்டது. தான் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த ஒரு காரியம் என்று சிவரஞ்சனி இத்தனை வருஷமாக நினைத்திருந்தது அதைத்தான்.

இப்போது நாற்பத்தொன்றாம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பிக்கு அவள் கற்றுக்கொடுத்த தைரியம் கடல் தாண்டிப் போய், ஒரு கதவைத் திறந்து போட்டிருக்கிறது.

மூன்று நாள் யாரிடமும் அவள் சொல்லவில்லை. வீட்டில் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். ஜெயசித்ரா நோட்டீஸ் கேட்டபோது எரிந்து விழுந்தாள். பேசாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தாள். அவனே மறைக்கிறான், நாம் ஏன் கிளற வேண்டும்? ஆனால் விட்டால் மூன்று வரிதான் வரும். இன்னும் பத்து வருஷத்துக்கும் மூன்று வரி. தம்பி உயிரோடு இருப்பான், ஆனால் திரும்பி வரவே மாட்டான். அதை நினைத்தபோது அவளுக்கு வீம்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் சென்டரைத் திறந்து, கடைசித் தடுப்புக்குள் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு நெட்ஃபோனில் அவனைக் கூப்பிட்டாள். ஒருவர் பேசி மற்றவருக்குப் போய்ச் சேர இரண்டு வினாடி ஆகும்.

"என்னக்கா, காலங்காத்தால? அப்பாவுக்கு ஏதாச்சுமா?"

"அப்பா நல்லா இருக்காரு. நீ எப்படி இருக்க?"

"எல்லாம் ஓகேக்கா."

"அந்த ரிப்போர்ட்டைப் படிச்சேன்டா. நாப்பத்தொண்ணாம் பக்கம்."

இரண்டு வினாடி போனது. அதற்கு மேலும் போனது. கீழே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு தெருவைக் கடந்தார்.

"ஒரு மணின்னு சொன்னது நீதானே தம்பி?"

"அம்மாகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல. யாருகிட்டயும் சொல்லல."

அவன் குரல் மிகவும் தணிந்து வந்தது. "அதுல எழுதியிருக்கறது பாதிதான்க்கா. கதவுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. மொத சத்தத்துக்கே எந்திரிச்சுடுச்சு. கதவை மூடத்தான் போச்சு. கைப்பிடியைக் கூடப் புடிச்சுடுச்சுக்கா. நான் வாட்ச்சைப் பார்த்தேன். ஒரு மணிக்கு ரெண்டு நிமிசம். பக்கத்துல புதுக் கட்டடத்துக்குப் பாறை ஒடைச்சுக்கிட்டு இருந்தாங்க, அதான்னு நெனச்சுட்டேன். ஒரு மணிதான், உக்காருங்கன்னு இங்கிலீஷ்ல சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன்க்கா. அதுவும் என்னைப் பார்த்துச் சிரிச்சுச்சு. கைப்பிடியை வுட்டுட்டு வந்து உக்காந்துடுச்சு."

சிவரஞ்சனி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னை நம்பி உக்காந்துச்சுக்கா."

அவளுக்கு எல்லா வார்த்தையும் நாக்கு நுனிவரை வந்தது. விதி, தலையெழுத்து, நேரம், உன் தப்பு இல்லடா. துக்க வீடுகளில் அவளே எத்தனையோ முறை சொன்ன வார்த்தைகள்தான். இப்போது அதைச் சொன்னால் அவன் "சரிக்கா" என்பான். ஃபோனை வைத்துவிடுவான். அடுத்த வாரம் நலமாக இருக்கிறேன் என்று மெயில் வரும்.

"தப்புதான்டா" என்றாள்.

ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"தெரியாம செஞ்சதுதான். ஆனாலும் தப்புதான். அதுல எனக்கும் பங்கு இருக்கு. அந்த வார்த்தையை உன் வாயில போட்டவ நான்."

"உன்னை நான் ஒரு நாளும் அப்படி நெனச்சதில்லக்கா."

"நெனச்சுக்க. பரவால்ல."

அவன் அழ ஆரம்பித்தான். கட்டிலுக்கு அடியில் அழுத அதே பையன் குரலில் அழுதான். அவளும் அழுதாள். இருவர் அழுகையும் இரண்டு வினாடி பிந்திப் பிந்திப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

"எல்லாரும் உன் தப்பு இல்லம்பாங்கக்கா" என்றான் கொஞ்சம் அடங்கியதும். "கவுன்சிலிங்ல வாரா வாரம் அதான் சொல்றாங்க. நான் முழுசா சொல்லவே இல்லையே. ரூம்ல இருந்தவங்களும் என்னைக் காட்டிக்குடுக்கல. அவங்க அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ பண்ணும்."

சிவரஞ்சனி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கையில் கிடைத்த காகிதத்தைத் திருப்பி வைத்துக்கொண்டாள். "ஜெயசித்ரா ஸ்கூலுக்கு நோட்டீஸ் எழுதறேன்டா. சத்தத்தைப் பத்தி என்ன எழுதறதுன்னு தெரியல. மூணு நாளா அதுலயே நிக்குது. நீ சொல்லு."

அவன் யோசித்துச் சொன்னான். "கதவை மூடிட்டு அப்புறம் பேசச் சொல்லுக்கா. ஒண்ணுமில்லாத சத்தம்னா திறந்துக்கிட்டுச் சிரிச்சுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. மூட எந்திரிச்சவங்களை மட்டும் யாரும் உக்காரச் சொல்லக் கூடாது. எவ்ளோ தெரிஞ்சவனா இருந்தாலும் சொல்லக் கூடாது."

அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். எழுதி முடித்ததும் கேட்டாள். "அந்தப் பொண்ணுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க. அது ஞாபகமா கேம்பஸ்ல மரம் நட வந்தாங்க. நான் ரூமை வுட்டே போவல."

"இந்த ரிப்போர்ட்டை அவங்களும் படிச்சிருப்பாங்கல்ல?"

அவள் பேனாவை மேஜையில் வைத்தாள்.

"எனக்கு அர்த்தம் தெரிஞ்சும் மூணு நாள் தாங்கலடா. ஒரு மணின்னா என்ன, எவன் சொன்னான், எதுக்குச் சொன்னான்னு தெரியாம அந்த அம்மா எத்தனை நாளா அந்த வரியையே திரும்பத் திரும்பப் படிச்சுக்கிட்டு இருக்காங்களோ. நீதான் சொல்லணும்."

"திட்டுவாங்கக்கா. சபிப்பாங்க."

"திட்டட்டும். திட்டறதுக்கு ஒரு ஆளாச்சும் கிடைக்கட்டும் அவங்களுக்கு." அவள் விடவில்லை. "நான் தமிழ்ல எழுதித் தரேன். மைன்ஸு, சங்கு, அமாவாசை கொடி, நான் உன்னைக் கூட்டிட்டுப் போனது, உன் ஈர டவுசர், எல்லாத்தையும் எழுதறேன். நீ இங்கிலீஷ்ல மாத்து. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுவோம்."

"டவுசர் எதுக்குக்கா அதுல?" என்றான். பத்து மாதத்தில் முதல் தடவையாக அவன் குரலில் பழைய கலை கொஞ்சம் எட்டிப் பார்த்தான்.

"நீ தெனாவெட்டுல சொல்லல, பயந்த புள்ளைதான்னு அவங்களுக்குத் தெரியவேணாமா?"

அவன் மறுபடி அழுதான். அவள் அழவிட்டாள். வெயில் ஏறி ஜன்னல் வழியாக மேஜைக்கு வந்துவிட்டது. அறிக்கையின் முதல் பக்கத்தில் இறந்த ஆறு பேரின் பெயர்களும் இருந்தன. அதில் இவள் யார் என்று சிவரஞ்சனிக்குத் தெரியாது. இந்த ஒரு மணிநேரமும் தம்பி அந்தப் பொண்ணு, அது என்றே சொன்னான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொண்ணு பேரு என்னடா?"

இரண்டு வினாடி. நான்கு வினாடி.

"மெரடித்" என்றான்.

"மெரிடித்து."

"மெரிடித்து இல்லக்கா. மெ, ர, டித். கடைசியில து கெடையாது."

"மெரடித்து."

"து வேணாம்க்கா. டித்தோட நிறுத்திக்க."

அவள் நாக்கு அந்தக் கடைசி எழுத்தை விடமாட்டேன் என்றது. பல்லுக்கு நடுவில் நாக்கை வைத்து, பிஞ்சுக் குழந்தை முதல் வார்த்தை பழகுவது போலப் பழகினாள். ஐந்தாவது தடவை சரியாக வந்தது.

"மெரடித்."

"ம். அதான்" என்றான் கலை. "இன்னொரு தடவை சொல்லுக்கா."

அவள் சொன்னாள்.